கற்பிட்டிச் சாலையில் ஒரு துவிச்சக்கரவண்டி

பாலாவிச் சந்தியில் கொழும்புப் பெருஞ்சாலையை விட்டுத் திரும்பும் கற்பிட்டிச் சாலை, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம் ஒரு நாக்கைப் போன்ற நிலத்தின் மீது ஓடுகிறது. ஒரு பக்கம் பெருங்கடல். மறு பக்கம் புத்தளக் களப்பு. இடையே மணலும் தென்னையும் வெங்காயத் தோட்டமும் மீன்வாடியும். மலையென்று சொல்ல ஒரு மேடுகூட இல்லாத சாலை அது. ஆனால் காற்று இருக்கிறது. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்நிலத்தின் மீது ஓயாமல் மோதுகின்றது. மாம்புரிக் கரையில் காற்றாலைகளை நட்டவர்கள் அந்தக் காற்றின் விலையைக் கணக்கிட்டு அறிந்தவர்கள். அவர்களுக்கு வெகு காலம் முன்னரே அதனைத் தம் கால்களால் அறிந்தவர்கள், விடியற்காலையில் துறையிலிருந்து மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படும் சைக்கிள் வியாபாரிகள்.

அத்தகைய வியாபாரி ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுதில் என் வீட்டுக்கு வந்தார். மகன் உயர்தர வகுப்பில் கணிதம் படிப்பவன், என் மாணவன். தாயார் மாதாமாதம் கட்டி வந்த சீட்டு விழுந்திருக்கிறது. கையில் 35,000 ரூபா. “மாஸ்டர், இவன் ரேஸ் சைக்கிள்தான் வேணுமெண்டு ஒற்றைக் காலில நிக்கிறான். எனக்கு ஒண்டும் விளங்கயில்ல. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்” என்றார் தந்தையார். மகன் வாய் திறக்கவில்லை. நகரத்துக் கடையொன்றில் வளைந்த ஹான்டிலும் மெல்லிய ரயரும் கொண்ட புதிய வண்டி ஒன்றை அவன் பல முறை போய்ப் பார்த்து வந்திருக்கிறான் என்பதும், அதன் விலை அந்தச் சீட்டுக் காசைப்போல் இரண்டு மடங்கிற்கும் மேல் என்பதும் பின்னர் தெரிய வந்தது.

சிறிய பணத்துக்கு எந்தச் சைக்கிளை வாங்குவது? கேட்பதற்கு இது கடைத்தெருக் கேள்வியே. ஆயினும் விடை சொல்லப் புகுந்தபோது, ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு அந்த இரும்புக் குழாய்களுக்குள் அடைபட்டுக் கிடப்பதைக் கண்டேன். அந்தத் தந்தையிடம் அன்று சொன்னதையும், சொல்ல இயலாது போனதையும் சேர்த்து இங்கே எழுதுகின்றேன்.

இன்று நாம் காணும் சைக்கிளின் உருவம் இங்கிலாந்தில் பிறந்தது. ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885இல் செய்த ‘ரோவர்’ வண்டியில்தான் சமமான இரு சக்கரங்களும், பின்சக்கரத்தை இழுக்கும் செயினும் ஒழுங்காக அமைந்தன. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த டன்லப் காற்றடைத்த ரயரை அமைத்தார். இவ்விரண்டும் ஒன்று சேர்ந்தவுடன் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் பிடித்துக்கொண்டது. நொட்டிங்ஹாமில் றலி, பேர்மிங்ஹாமில் பி.எஸ்.ஏ., பின்னர் ஹேர்குலிஸ் என்று ஆலைகள் எழுந்தன. கண்டுபிடித்தவர்களின் பெயர்களைப் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. அந்த ரயருக்கு வேண்டிய இறப்பரைக் கொடுத்தவர்களைப் பற்றி அவை பேசுவதில்லை.

சைக்கிள் மோகத்துக்கு இறப்பர் வேண்டியிருந்தது. ஆபிரிக்காவின் கொங்கோ தேசம் அப்போது பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்டின் சொந்த உடைமையாக இருந்தது. காட்டுக் கொடிகளிலிருந்து குறித்த அளவு இறப்பர் கொண்டு வராத கிராமங்கள் எரிக்கப்பட்டன; பெண்கள் பணயமாகப் பிடித்து வைக்கப்பட்டனர்; மனிதரின் கைகள் வெட்டப்பட்டன. பிரித்தானியத் தூதராக இருந்த ரொஜர் கேஸ்மன்ட் 1904இல் வெளியிட்ட அறிக்கை அதனை உலகுக்கு அறிவித்தது. 1908இல் அந்நாடு மன்னனின் கையிலிருந்து பெல்ஜிய அரசுக்கு மாறியது. லண்டனிலும் பாரிஸிலும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் பூங்காவைச் சுற்றி வந்த சைக்கிள்களின் அடியில் இந்தச் செய்தி ஓசையின்றி உருண்டுகொண்டிருந்தது.

இறப்பரின் கதை நம் நாட்டுக்கும் வருகிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டு சென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அதே ஆண்டில் அந்த நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அங்கிருந்து பரவிய மரங்கள் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் குன்றுகளை மூடின. பால் வெட்டியவர்களில் பெரும் பகுதியினர் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கொண்டு வரப்பட்ட தொழிலாளர்களும் அவர்களது பிள்ளைகளும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ரயருக்குப் பால் வெட்டியவனுக்கு அந்த ரயர் உருளும் மண்ணில் உரிமை இல்லாது போயிற்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இறப்பரை விளைவித்த இலங்கை, சைக்கிளையும் ரயரையும் வெளியிலிருந்து வாங்கியது. மூலப்பொருள் மலிவாகப் போய், செய்பொருளாகத் திரும்பி வரும்போது விலையேறி வருவதே குடியேற்ற நாட்டின் பொருளாதாரம். 1952 டிசெம்பரில் செய்துகொள்ளப்பட்ட இறப்பர் – அரிசி ஒப்பந்தம் அந்த வட்டத்தில் ஒரு சிறு உடைப்பை ஏற்படுத்தியது. சீனத்துக்கு இறப்பர், அங்கிருந்து அரிசி. அமெரிக்காவின் சினத்தைப் பொருட்படுத்தாமல் இதைச் செய்தது ஓர் இடதுசாரி அரசாங்கமன்று; டட்லி சேனாநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம். பசியும் சந்தையும் சேர்ந்து நெருக்கினால் பழைமைவாதிகளும் பீக்கிங்குக்கு வழி கண்டுகொள்வார்கள் போலும்.

இனிப் புத்தளக் கரைக்கு வருவோம். 1807இல் கற்பிட்டியில் பிறந்து, புத்தளத்தில் மணியகாரராகப் பணியாற்றிய சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கை முழுவதற்குமான ஓர் இடவிவரண நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அன்று இக்கரையோரத்தின் போக்குவரத்து என்பது படகும் மாட்டுவண்டியும் காலும்தான். ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய்கள் வழியே கொழும்பு வரை சரக்குப் படகுகள் சென்றன. இருப்புப்பாதை 1916இல் சிலாபத்தை எட்டியது. புத்தளத்துக்கு வந்து சேர 1926 ஆயிற்று. உப்பும் கொப்பராவும் கருவாடும் புகைவண்டி ஏறின. ஆனால் புகைவண்டி நிலையத்துக்கும் குடிசைக்கும் இடையே உள்ள தூரத்தைப் புகைவண்டி குறைக்கவில்லை. அந்தத் தூரத்தைக் குறைத்தது சைக்கிள்.

முதலில் அது ஏழைக்கு வரவில்லை. விதானையாரும் தபாற்காரரும் பாடசாலைத் தலைமையாசிரியரும் ஏறிய வாகனம் அது. இங்கிலாந்திலிருந்து வந்த ‘றோட்ஸ்டர்’ வகை வண்டி கனமானது. 20 கிலோவை நெருங்கும் எடை. 28 அங்குலச் சக்கரம், தடித்த உருக்குக் குழாய், கம்பி வழியாக இயங்கும் பிறேக், செயின் முழுவதையும் மூடிய கவசம், நிமிர்ந்து உட்காரும் இருக்கை. வேட்டி செயினில் அகப்படாமல், சேலையில் எண்ணெய் படாமல், முதுகு வளையாமல் ஓட்டலாம். உத்தியோகத்தரின் மரியாதைக்கு ஏற்ற உருவம். அதன் கனம் ஒரு குறையாகத் தோன்றவில்லை. நெடுநாள் உழைக்கும் பண்டம் என்பதற்கு அதுவே அடையாளமாயிற்று.

விலை குறைந்த பிறகு அது கீழே இறங்கி வந்தது. 1949இல் சென்னைக்கு அருகே அம்பத்தூரில் பேர்மிங்ஹாம் கூட்டுறவோடு ரி.ஐ. சைக்கிள் ஆலை தொடங்கிற்று. வடஇந்தியாவில் 1951இல் சோனிப்பத்தில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ. சீனத்தில் 1950இல் தியன்ஜின் நகரில் ‘பறக்கும் புறா’. ஆங்கிலேயன் வரைந்த அதே கன வண்டியை ஆசியத் தொழிலாளர் மலிவாகச் செய்தனர். நம் நாட்டிலும் பின்னாளில் பாணந்துறையில் லுமாலா வண்டிகள் உருவாயின. இன்று எந்த ஊர்ச் சந்தியிலும் அந்தப் பெயரைக் காணலாம்.

கனவான் வண்டி உழைப்பாளியின் கைக்கு வந்ததும் அதன் தொழில் மாறிற்று. 1958 ஜனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பெனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உதயமானது. அது ஒரு பெரும் முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நனைந்த மீன்பெட்டியை எந்த பஸ் கண்டக்டரும் ஏற்றிக்கொள்ளமாட்டார். கரையில் மீனை வாங்கியவன், வெயில் ஏறுமுன் உள்ளூர்க் கிராமங்களின் ஒழுங்கைகளுக்குள் புகுந்துவிட வேண்டும். கரியரின் மேல் பலகைப் பெட்டி, பெட்டியின் பக்கத்தில் தராசு, ஹான்டிலில் ஒரு ஹோர்ண். நாற்பது ஐம்பது கிலோ பாரத்தைத் தாங்கி, உவர்நீர் சொட்டச் சொட்ட ஓடுவதற்கு அந்தத் தடித்த உருக்குக் குழாய் ஈடு கொடுத்தது. 1954இல் தியன் பியன் பூ போரில் வியட்நாமிய மக்கள் இதே வகை வண்டிகளில் 200 கிலோவுக்கு மேலும் சுமையேற்றித் தள்ளிக்கொண்டு மலையேறினார்கள். அவற்றுள் பல பிரெஞ்சு ஆலைகளில் செய்யப்பட்டவை. பிரெஞ்சுப் படையையே அவை வீழ்த்த உதவின.

1990ஆம் ஆண்டை விட்டுவிட்டு இச்சாலையின் கதையை எழுத முடியாது. அவ்வாண்டு ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். 70,000க்கு மேற்பட்ட மக்கள். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். வீடும் கடையும் நகையும் மட்டுமன்று, வாசலில் சாத்தி வைத்திருந்த சைக்கிளும் அங்கேயே நின்றது. தமிழ் பேசும் ஒரு மக்கள் கூட்டத்தைத் தமிழின் பெயரால் துரத்திய அந்தச் செயலை எந்த விடுதலைத் தத்துவத்தாலும் நியாயப்படுத்த இயலாது. ஆலங்குடாவிலும் பாலாவியிலும் ஓலைக் கொட்டில்களில் குடியேறியவர்கள் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். என்னிடம் சைக்கிள் கேட்டு வந்த அந்தத் தந்தையாரும் அவ்வாறு வந்தவரே. அப்போது அவர் சிறுவன். கொட்டிலில் சேர்த்த முதற் பணத்தில் தம் தகப்பனார் வாங்கியது கூரைத் தகரமன்று, ஒரு பழைய றலிச் சைக்கிள்தான் என்று அவர் சொன்னார். கூரை ஒழுகினாலும் சோறு கிடைக்க வேண்டுமல்லவா என்றார்.

மகன் கேட்ட ரேஸ் சைக்கிளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் இரண்டு கிளைகள் உள்ளன. ஒன்று சந்தையின் கிளை. 1903இல் பிரான்சைச் சுற்றும் பெரும் போட்டியைத் தொடங்கியது ஒரு விளையாட்டுப் பத்திரிகை. நோக்கம், போட்டிப் பத்திரிகையைத் தோற்கடித்துத் தன் விற்பனையைப் பெருக்குவது. பாரம் குறைந்த வண்டி, வளைந்த ஹான்டில், மெல்லிய ரயர் எல்லாம் அந்தப் பந்தயச் சாலைகளில் மெருகேறின. செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் கியர் அமைப்பை 1937 வரை அப்போட்டியில் அனுமதிக்கவில்லை என்பது வேடிக்கையான செய்தி. மனிதன் வருந்தினால்தான் பத்திரிகை விற்கும் என்ற கணக்கு அது போலும். மற்றது தொழிலாளர் கிளை. 1894இல் பேர்மிங்ஹாமில் சோஷலிச இளைஞர்கள் ‘கிளாரியன்’ சைக்கிள் கழகத்தை அமைத்தனர். ஞாயிறுதோறும் கிராமங்களுக்குச் சென்று துண்டுப் பிரசுரம் கொடுத்தனர். 1896இல் ஜெர்மனியில் ‘ஒருமைப்பாடு’ என்ற பெயரில் தொழிலாளர் சைக்கிள் சங்கம் தோன்றி இலட்சக்கணக்கான உறுப்பினரைப் பெற்றது; 1933இல் நாஜிகள் அதனைத் தடை செய்தார்கள். ஆகவே விரைவாகச் செல்லும் வண்டியின் மீது ஓர் ஏழை மாணவனுக்கு ஆசை உண்டாவதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட நான் உடன்படேன். வேகம் பணக்காரனுக்கு மட்டும் எழுதி வைக்கப்பட்ட சொத்தன்று.

ஆனால் சந்தை அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டு விளையாடுகிறது. 2022இல் நாம் கண்டது அதைத்தான். ஏப்ரல் 12ஆந் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டது. பெற்றோல் வரிசையில் நின்று மனிதர் இறந்தனர். மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையில் கிடந்தன. கரையில் மீனில்லாதபோது வியாபாரியின் பெட்டியும் வெறுமையாயிற்று. அதே வாரங்களில் கொழும்பு நகரத்தின் மோட்டார்க் கார்க்காரர்கள் சைக்கிளைக் கண்டுபிடித்தார்கள். கடைகளில் வண்டிகள் தீர்ந்தன. விலை பாய்ந்து ஏறியது. ஒரு நூற்றாண்டாக ஏழையின் வாகனமாயிருந்தது, செல்வர் ஒரு பருவம் தொட்டதும் ஏழைக்கு எட்டாததாகிவிட்டது. எரிபொருள் திரும்பி வந்தது. கார்களும் சாலைக்கு வந்தன. ஏறிய விலை ஏறிய இடத்திலிருந்து முழுவதுமாக இறங்கவில்லை.

இந்த நிலைமையில் 35,000 ரூபாவுக்கு என்ன வாங்கலாம்?

பையனை முதலில் சாலைக்கு அழைத்துச் சென்று காற்றைப் பார்க்கச் சொன்னேன். கடைக்காரர் எடையைச் சொல்லி விற்கிறார்: இந்த வண்டி 10 கிலோ, அந்த வண்டி 15 கிலோ என்று. மலைநாட்டில் ஏறுபவனுக்கு எடை ஒரு பெரிய கணக்கு. கற்பிட்டிச் சாலையில் ஏற்றமே இல்லை. மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் போகும்போது சமதரையில் நம் உழைப்பின் பெரும் பகுதியை விழுங்குவது காற்று. வேகம் இரட்டித்தால் காற்றை வெல்ல வேண்டிய உழைப்பு எட்டு மடங்காகிறது. ஆகவே இங்கே ஐந்து கிலோ எடையைக் குறைப்பதற்குக் கொடுக்கும் காசை விட, முதுகைத் தாழ்த்தி உட்கார உதவும் ஒரு வளைந்த ஹான்டில் அதிகப் பயன் தரும். கணிதம் படிக்கும் பையன் இதனை ஒரு நொடியில் ஏற்றுக்கொண்டான். மிகுந்த விலை கொடுக்க வேண்டியது எதற்கு, வேண்டாதது எதற்கு என்பதற்கு இது முதற் படி.

கியரும் அப்படித்தான். பழைய றோட்ஸ்டரில் முன்னே 46 பல், பின்னே 18 பல் என்ற ஒரே அளவுதான். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் ஐந்தரை மீற்றருக்குச் சற்று மேல் வண்டி நகரும். எதிர்க்காற்றில் அது கடினம். பின்காற்றில் கால் வீணே சுழலும். எனவே சில கியர்கள் இருப்பது நல்லது. ஆனால் ஏழோ எட்டோ போதும். ஜப்பானில் 1921 முதல் சைக்கிள் உறுப்புகள் செய்துவரும் ஷிமானோவின் விலை குறைந்த வரிசைகளான ரூர்னி, கிளாரிஸ் என்பவை இத்தேவைக்கு மிகுதியே. பதினொன்று பன்னிரண்டு என்று பற்சக்கரம் கூடக் கூடச் செயின் மெலிந்து, விலை உயர்ந்து, உப்புக்காற்றில் விரைவாகத் தேய்கிறது. அதனைத் திருத்தும் கடைகளும் கொழும்பை நோக்கி நகர்ந்துவிடுகின்றன.

சட்டத்தைப் பற்றி நான் சற்றுப் பிடிவாதக்காரன். அலுமினியம் துருப்பிடிக்காது, பாரமும் குறைவு, உண்மை. ஆனால் அது வெடித்தால் ஊரிலே ஒட்ட ஆள் இல்லை. உருக்குச் சட்டம் வெடித்தால் கற்பிட்டியில் படகு எஞ்சினுக்கு வெல்டிங் செய்பவரே அதையும் ஒட்டித் தந்துவிடுவார். துருவுக்கு மருந்து உண்டு: இருக்கைக் குழாயைக் கழற்றிச் சட்டத்தின் உள்ளே கொஞ்சம் எண்ணெய் ஊற்றிச் சுற்றிவிடுவது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவிச் செயினைத் துடைத்து எண்ணெயிடுவது. கடலோரத்தில் சைக்கிளைக் கொல்வது பாரமன்று, உப்பு.

ஆகவே புதிய பளபளப்பு வண்டியை விட்டு, ஜப்பானிலிருந்து கொள்கலன்களில் வந்து விற்கப்படும் பழைய வண்டிகளைப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. பழையதை வாங்குவது ஒரு கலை, ஏமாறுவதும் எளிது. மூன்று கடைகளில் நாங்கள் ஐந்து வண்டிகளைத் தள்ளினோம். ஒன்றின் முன்கவை ஒரு விபத்தில் பின்னே வளைந்திருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். இன்னொன்றில், ஹான்டில் குழாயும் கீழ்க்குழாயும் சேருமிடத்தில் பெயின்ட் சுருங்கிக் கிடந்தது. உள்ளே உருக்கு மடங்கிய அடையாளம். மற்றொன்றின் ரிம் பிறேக் கட்டையால் தேய்ந்து குழிவாயிருந்தது. செயினுக்கு ஓர் அடிக்கோல் போதும்: 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும், அதற்கு மேல் அரைக்கால் அங்குலம் நீண்டுவிட்டால் செயினோடு பற்சக்கரங்களும் போயின என்று பொருள், அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும். அளவும் முக்கியம். பாரின் மேலே கால்பரப்பி நிலத்தில் நின்றால் இடையே ஓர் அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். ‘வளர்ற பிள்ளைதானே, பெரிசா எடுங்க’ என்று கடைக்காரர் சொல்வார். சட்டை தைப்பதற்குத்தான் அந்த நியாயம் பொருந்தும்.

ரயரில் ஒரு பொறி இருக்கிறது. ‘28’ என்று எழுதிய எல்லா ரயரும் ஒன்றல்ல. ஊர்க் கடையில் கிடைக்கும் பழைய றோட்ஸ்டர் ரயருக்கும் ரேஸ் வண்டியின் ரயருக்கும் அந்த எண் பொதுவாக இருக்கலாம். ஆனால் முன்னதன் உள்விட்டம் 635 மில்லிமீற்றர், பின்னதற்கு 622. ஒன்று மற்றதில் ஏறாது. ரயரின் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த மூன்று இலக்கங்களைத்தான் பார்க்க வேண்டும். மேலும் 23 மில்லிமீற்றர் அகலமுள்ள ரயர் நம் ஊர் மணலுக்கும் சரளைக்கும் உதவாது. 28 அல்லது 32 அகலம் உள்ளே நுழைய முன்கவையிலும் பின்கவையிலும் இடம் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்க வேண்டும்.

நான்காவது கடையிலே ஒரு வண்டி அமைந்தது. உருக்குச் சட்டம், வளைந்த ஹான்டில், பின்னே ஏழு கியர். பாருக்கும் முன்கவைக்கும் குறையில்லை. 31,000 ரூபாவுக்கு இறங்கி வந்தார். பையனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்பொழுதுதான், அதுவரை பேச்சிலே வராத ஒருவரைப் பற்றித் தந்தையார் சொன்னார். “தங்கச்சியையும் ஸ்கூலுக்கு இதிலதான் கொண்டு போகணும் மாஸ்டர். பின்னேர வகுப்பை அவ நிப்பாட்டி மூணு மாசம். கடைசி பஸ் வாறதில்ல.”

நான் வெட்கப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று கடைகளாக ரிம்மையும் செயினையும் அளந்தோம். இந்த வண்டி எத்தனை பேருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெண் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிப்பவள். பஸ் இல்லாததால் வகுப்பை நிறுத்தியவள்.

இது புதிய கேள்வியன்று. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தது. கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் பல்லாயிரக்கணக்கில் ஓட்டக் கற்றுக்கொண்டனர். மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஆதரவளித்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியபோது கூறிய ஒரு செய்தி என் நினைவில் நிற்கின்றது: பெண்களுக்கென்று செய்த வண்டியை விட ஆண்கள் வண்டியையே பலர் விரும்பினார்களாம், இருக்கையிலிருந்து ஹான்டில் வரை செல்லும் பாரின் மீது ஒரு குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால். எந்த ஆலையின் வரைபடப் பொறியாளருக்கும் தோன்றாத பயன் அது. பின்னர், 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கும், சில ஆண்டுகளில் மற்ற மாணவர்களுக்கும் தமிழக அரசு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. நம் கரையோரத்து மாணவிக்கு அப்படி ஒரு திட்டம் இல்லை. தாயின் சீட்டுத்தான் இருக்கிறது.

வண்டியைத் திருப்பிப் பார்த்தோம். பின் அச்சுக்கு மேலே, சட்டத்தில் கரியர் பூட்டுவதற்கான துளைகள் இரண்டு பக்கமும் இருந்தன. நகரத்துக் கடையில் பையன் ஆசைப்பட்ட அந்தப் புதிய வண்டியில் அவை இல்லை என்று அவனே சொன்னான், அவன் கவனித்திருக்கிறான். பின்சக்கரத்தில் 36 கம்பிகள். ஓர் ஆளைத் தாங்கும். மீதியிருந்த 4,000 ரூபாவில் ஓர் இரும்புக் கரியரும் ஒரு பூட்டும் ஒரு பின்விளக்கும் வாங்கினோம். மெல்லிய ரயரைக் கழற்றி 32 அகலத்துக்கு மாற்றுவதற்குக் காசு போதவில்லை. அது அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

“ரேஸ் சைக்கிளுக்குக் கரியர் போட்டா பொடியன்மார் சிரிப்பாங்க” என்று பையன் ஒரு முறை சொன்னான். தந்தையார் பதில் சொல்லவில்லை. தம் மீன்பெட்டிச் சைக்கிளில் ஏறிக்கொண்டார்.

இப்போது காலையில் அண்ணன் ஓட்ட, தங்கை கரியரில் இருந்து போகிறாள். மாலை வகுப்புக்கு அவளே ஓட்டிப் போக வேண்டுமென்பதால் இரண்டு வாரம் களப்போரத்து உறுதியான தரையில் பழகினாள். முழங்காலில் இரு காயம். இருக்கையை அவள் உயரத்துக்கு இரண்டரை அங்குலம் இறக்க வேண்டியிருக்கிறது. அதற்கான 13ஆம் நம்பர் ஸ்பானர் அவளுடைய புத்தகப் பைக்குள் இருக்கிறது.